நாலு கறுப்புப் பட்டை

என் வீட்டுக்காரருக்கு நீல நிறம் போய்விட்டது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு ஜப்பான்காரர் போட்ட மீன். நான் முப்பத்தெட்டு வருஷமாக அவரோடு ஒரே மேஜையில் வேலை செய்கிறவள். எனக்குத் தெரியவில்லை. மீனுக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

எங்கள் தீவு நகரத்தில், டெலானிபூர் என்கிற பகுதியில் ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில் எங்கள் வீடு. மேலே குடியிருப்பு, கீழே ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, கோயில் நோட்டீஸ், வங்காளிக்காரர்களின் பூஜை பேனர், டூரிஸ்டுகளுக்கு ஆமை போட்ட பனியன் என்று எது வந்தாலும் அடிப்போம். இந்தத் தீவைச் சுற்றிக் கடலில் இருக்கிற ஆமைகளை விட நான் அச்சடித்த ஆமைகள் ஜாஸ்தி.

வேலை சுலபம்தான். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டியிருக்கும். படம் இருக்கிற இடத்தில் மட்டும் மை இறங்கும், மற்ற இடமெல்லாம் அடைத்திருக்கும். சட்டத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. நிறத்துக்கு ஒரு சட்டம். மூன்று நிறம் என்றால் மூன்று சட்டம், மூன்று இழுப்பு. இழுக்கிறவள் நான். கலர் கலக்குகிறவர் அவர்.

அவர் கலக்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும் என்று சொன்னால் அது பொய். நான் ஒருத்திதான் பார்ப்பேன். டப்பாவில் கிண்டி, அதில் ஒரு பொட்டு எடுத்து இடது கட்டைவிரல் நகத்தில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போவார். பகல் வெளிச்சத்தில் நகத்தையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ட்யூப் லைட்டில் கலர் பார்ப்பவன் ஏமாளி என்பது அவர் கட்சி. என்னைப் பெண் பார்த்தது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். அதை மட்டும் அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

போன வருஷம் ஒரு சடங்குப் பத்திரிகைக்கு வயலட் கேட்டார்கள். அவர் கலக்கிக் கொடுத்தது வதக்கின கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. சொன்னால் சண்டை வரும். ஆமைக்கு எத்தனை கால் என்பதில் கூட அவரைத் திருத்தலாம், கலரில் திருத்த முடியாது. அவர் முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு கரண்டி நீலத்தைப் போட்டுக் கிண்டி, ஒன்றும் அறியாதவள் போல இழுத்துவிட்டேன். பத்திரிகை வாங்க வந்தவர்கள் கலர் பிரமாதம் என்றார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அதன் பிறகு அது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. அவர் டீக்குப் போவார், நான் கரண்டியை எடுப்பேன். வயசாகிறது, கவனம் போதவில்லை என்று நினைத்தேன். சில நாள் மை பழசு என்று நினைத்தேன், மெயின்லேண்டிலிருந்து கப்பல் தாமதமாக வந்தது என்று நினைத்தேன். இந்த ஊரில் பால் திரிந்தாலும் கப்பலைத்தான் திட்டுவோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் திருட்டு வேலை பிடித்திருந்தது. அவர் பெருமைப்படுகிற ஒவ்வொரு கலருக்குள்ளும் என் கரண்டி இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் ஒரு வங்காளி அக்கா, எங்கள் ஊர்ப் பேச்சில் தீதி, கடைக்கு வந்தார். ஜப்பான்காரர் ஒருவர் போட்ட ஸ்கிரீன் பிரிண்ட் படங்களை மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்து ஒரு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்களாம். ஒரு மாசம் இருக்குமாம். பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துணிப்பை வேண்டும், அதில் அந்தப் படங்களில் ஒன்றான மீனை ஏழு நிறத்தில் அடித்துத் தரவேண்டும் என்றார். ஒரு போஸ்ட் கார்டில் அந்த மீனின் படம் இருந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் வானவில்லைக் கோடு கோடாக வழித்து ஊற்றின மாதிரி ஒரு மீன்.

"போஸ்ட் கார்டுல இருக்குற கலர நம்பப்படாது" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம். "அசலப் பாத்துட்டு வந்துதேன் கைய வெக்கணும்."

மறுநாள் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன இது, மண்ணுக் கலர்ல ஒரு சேல? வேற இல்லையா?"

அது வயலட். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு அவரே கடையில் பத்துச் சேலையைப் புரட்டிப்போட்டு எடுத்துக் கொடுத்தது. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து, "மரத்துக்குப் பக்கத்துல நிக்கிறதுக்கு மண்ணுக் கலரு போதும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கூசிவிட்டது. அந்த ஜப்பான்காரர் எதைப் போட்டாலும் சிவப்பில் ஆரம்பித்து வயலட்டில் முடிக்கிறார். குடை, யானை, பாயில் உட்கார்ந்திருக்கிற புருஷன் பெண்டாட்டி எல்லாம் அதே வரிசைதான். ஒரு படத்தில் வெறும் மூக்கு மட்டும். அந்த மூக்கிலும் சிவப்பிலிருந்து வயலட் வரைக்கும் பட்டை பட்டையாகப் போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் மூக்குக்கு இன்னும் நாலு பட்டை கூடப் பிடிக்கும்.

ஆனால் நான் படத்தைப் பார்க்கவில்லை, இழுப்பைப் பார்த்தேன். ஒரு பட்டைக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் அந்த மீனுக்கு இருபதுக்கு மேல் சட்டம். இருபதுக்கு மேல் இழுப்பு. ஒரு தடவை காகிதம் நகர்ந்தால் எல்லாம் போச்சு. எங்கள் ஊர் ஈரத்தில் காகிதம் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவாக இருக்கும். மூன்று நிறத்துக்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பேன். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை அந்தத் தீதி படித்துச் சொன்னார்: படம் போட்டவர் ஒருத்தர், சட்டம் கட்டி இழுத்துக் கொடுத்தவர் வேறொருத்தராம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த இரண்டாமவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். எங்காவது ஒரு மயிரிழை விலகலாவது கிடைக்காதா என்று குனிந்து தேடினேன். பொறாமைதான். வாலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கொஞ்சம் சிவப்பின் மேல் ஏறியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. விரல் தானாகவே போய் அந்த இடத்தைத் தொட்டுவிட்டது.

"அம்மா! ஹாத் மத் லகாவ்!" என்று, கை வைக்காதே என்று ஹிந்தியில் கத்திக்கொண்டு ஓடிவந்தான் செக்யூரிட்டிக்காரன்.

"லகாவலப்பா. காஞ்சிருச்சான்னு பாத்தேன்."

அது அடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். தீதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எங்கள் தொழிலில் எதைப் பார்த்தாலும் முதலில் காய்ந்ததா என்றுதான் கை போகும்.

இவர் அந்தப் பக்கம் விரலை நீட்டி மீனின் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"செவப்பு. செங்கல்லு. ஆரஞ்சுல மூணு. மஞ்சள்ல நாலு. பச்ச ஏழு. அழுக்குப் பச்ச ஒண்ணு. அப்புறம் கறுப்பு, கறுப்பு, கறுப்பு, கறுப்பு." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தா பாரு, நாலு கறுப்ப நாலு சட்டத்துல இழுத்துருக்கான். ஒரே சட்டத்துல முடிச்சிருக்கலாம்ல? பெரிய ஆளு, ஆனா தொழில் தெரியல."

நான் சத்தமாகவே சிரித்தேன். நல்ல தமாஷ் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். மயில் கழுத்து நீலம். பேனா மை நீலம். அதற்கு அடுத்து அவுரி. கடைசியில் கத்தரிப்பூ மாதிரி வயலட். கறுப்பு அந்த மீனில் எங்குமே இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மெதுவாகக் கேட்டேன்.

"அந்த நாலு கறுப்புல எதுங்க ரொம்ப அடர்த்தி?"

"எல்லாம் ஒண்ணுதேன்."

"அந்தச் செக்யூரிட்டி சட்ட என்ன கலரு?"

"கறுப்பு. ஏன், அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

செக்யூரிட்டி போட்டிருந்தது பளிச்சென்ற நீலச் சட்டை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். தொட்டுப் பார்த்தார். எனக்கு என் கரண்டி ஞாபகமாகவே இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்த வதக்கின கத்தரிக்காயை அப்படியே இழுத்துக் கொடுத்திருந்தால் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்கள் கத்தியிருப்பார்கள். அடுத்து வேலை கொடுத்தவரும் கத்தியிருப்பார். இவர் மூன்றாம் சண்டையிலாவது கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்திருப்பார். ஊரே பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் ஒருத்தி கரண்டி போட்டு மூடிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது இது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இவருடைய அண்ணனுக்கு வெகு காலத்துக்கு முன்னால் ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கேம்ப்பில் கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்ததும் அந்தக் கண் போயிருந்தது. கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று இவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். கண் டாக்டர் என்ற வார்த்தையை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இப்போது நான் போய், உங்களுக்கு நீலம் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? கலர்தான் அவர் சோறு, கலர்தான் அவர் மீசை. அதைப் பிடுங்குகிற வேலை என் தலையில் விழுந்திருந்தது.

நான் ஒன்று மட்டும் செய்தேன். கரண்டியைத் தொடாமல் இருந்தேன். அவர் ஏழு கலரையும் கலக்கினார், நீல டப்பாவில் எடுத்ததை அந்த நாலு பட்டை மாதிரி ஆகும்வரை கறுப்பு சேர்த்துக் கிண்டினார், நகத்தில் வைத்து வாசலில் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் அப்படியே ஒரு பையில் இழுத்து மாதிரி காட்டினேன். சாயங்காலம் தீதி வந்தார். பையை விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"தாதா, நீலா கஹாங் ஹை?"

நீலம் எங்கே அண்ணா என்று கேட்டதும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மீனின் வாலைத் தட்டிக் காட்டினார். "யே க்யா ஹை ஃபிர்?" அப்படியானால் இது என்னவாம் என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏய், நீ சொல்லு. இது நீலமா இல்லையா?"

அது நல்ல கறுப்பு. தார் ரோடு கூட அவ்வளவு கறுப்பாக இருக்காது.

நான் தீதியிடம் சொன்னேன், இது ட்ரையல்தான், நீல டப்பா காய்ந்துவிட்டது, வேறு டப்பா திறக்கவேண்டும், நாலு நாள் பொறுத்து வாருங்கள் என்று. அவர் "டீக் ஹை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எதுக்கு அந்தம்மாட்டப் பொய் சொன்ன?"

"நெசத்த உங்கட்ட மட்டும் சொல்லலாம்னுதேன்."

மூன்று டப்பாவிலிருந்து மூன்று பொட்டு எடுத்து அவருடைய இடது கை விரல் நகங்களில் தடவினேன். கறுப்பு, பேனா மை நீலம், வயலட். "எது எதுன்னு சொல்லுங்க" என்றேன். சின்னப் பிள்ளை விளையாட்டா என்று முனகிக்கொண்டே வாசலுக்குப் போனார். முதலில் கையைத் தூரத்தில் நீட்டினார். பிறகு கிட்டத்தில் கொண்டுவந்தார். ரோட்டில் ஒரு பஸ் போனது, அது போகும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் நகங்களை லுங்கியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எத்தன நாளா?"

"கண்ணா? அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணக் கேக்கல. உன்னயக் கேக்குறேன். வயலட்டு இல்லாம இந்தக் கட ஒரு மாசம் ஓடியிருக்காது."

அவருக்குக் கண்தான் மங்கியிருந்தது, மூளை மங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சடங்குப் பத்திரிகை, டீக்கடை நேரம், கரண்டி.

"எவனாச்சும் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா என்னையத் திட்டியிருந்தான்னா அன்னைக்கே முழிச்சிருப்பேன்" என்றார். "பிரமாதம் பிரமாதம்னு கேக்க வெச்சுட்ட."

நான் மூன்று டப்பாவையும் மூடி அலமாரியில் வைத்தேன்.

இரண்டு நாள் அவர் கடைக்குள் இறங்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஹேடோ துறைமுகத்துப் பக்கம் கப்பல் வருவதைப் பார்த்தார். கடலைப் பார்க்கிறாரா, கடல் என்ன நிறத்தில் தெரிகிறது என்று பார்க்கிறாரா, கேட்கத் தைரியம் இல்லை. நான் கீழே சும்மா சட்டங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"அந்த மீனு எத்தன நாளைக்கு இருக்கும்?"

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வரைக்கும்னு தீதி சொன்னாங்க."

"அந்த நாலு பட்டையையும் பாக்காம அதக் கப்பல் ஏத்த விடமாட்டேன். எவனோ இழுத்துருக்கான், நாந்தேன் தொழில் தெரியலன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்." ஒரு படி இறங்கினார். "கண்ணு போனா போகட்டும். இப்ப மட்டும் என்ன வாழுது? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

சட்டையைக் கூட அவர் மாற்றவில்லை. மாற்றினால் மனசும் மாறிவிடும் என்று பயந்தார் போலிருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரை பழுத்திருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் கல்லாகிவிடும், ஆபரேஷன் கஷ்டம் என்றார். முதலில் ஒரு கண், ஒரு மாசம் கழித்து இன்னொன்று. "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க தாத்தா?" என்று கேட்டார்.

"இவ கரண்டிக்குள்ள இருந்தேம்மா" என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை. மூன்று நாளில் அவர் என்னைத் திட்டின முதல் திட்டு அதுதான். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பைகளை நாங்கள் சேர்ந்து முடித்தோம். வெள்ளை இவ்வளவு, சிவப்பு இத்தனை கரண்டி, நீலம் இத்தனை என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். நாற்பது வருஷத்து அளவு அவர் கையில் இருந்தது, அதற்குக் கண் தேவைப்படவில்லை. நான் கலக்கி, என் நகத்தில் வைத்து, வாசலில் நின்று மாதிரியோடு பார்த்துச் சொன்னேன். ஒரு வருஷம் திருட்டுத்தனமாகச் செய்ததைச் சத்தம் போட்டுச் செய்தபோது ஒவ்வொரு கரண்டியையும் எண்ணி எண்ணிப் போட்டேன். தீதி பைகளை எடுத்துக்கொண்டு போனார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அரைமணி நேரம்தான். அந்த அரைமணியில் அவருடைய அண்ணன் முகம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணவில்லை. இந்தக் கண்ணும் போய்விட்டால், ஒரு வருஷம் மூடி வைத்தவளும் நான், நீலம் தெரியவில்லை என்று காட்டிக்கொடுத்தவளும் நான். பக்கத்தில் இருந்த தெலுங்கு அம்மா என்னிடம் ஹிந்தியில் ஏதோ ஆறுதல் சொன்னார். நான் அவரிடம் ஒரு ஜோக் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை.

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தச் செவுத்துக்கு எப்ப வெள்ளையடிச்சாங்க? நேத்து மஞ்சளாவுல்ல இருந்துச்சு."

நான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

படங்கள் இருக்கிற கடைசி நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது பாதிச் சுவர் காலி. படங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்குப் படம் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. மீன் சுவரில் சாய்ந்து நின்றது, அடுத்து அதுதான். செக்யூரிட்டிக்காரன் என்னை அடையாளம் கண்டுகொண்டு முதலில் என் கைகளைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மீனுக்கு எதிரே குனிந்து நின்று ஒரு கண்ணை மூடினார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினார். மறுபடி மாற்றினார். மூடுவதும் திறப்பதுமாக நின்றுகொண்டே இருந்தார். "தாதா மச்லி கோ ஆங்க் மார் ரஹா ஹை" என்றான் செக்யூரிட்டி. தாத்தா மீனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாராம். ஆணி அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். இவர் காதில் எதுவும் விழவில்லை.

"இந்தக் கண்ணுல நாலு கறுப்பு" என்றார். கண்ணை மாற்றினார். "இந்தக் கண்ணுல..." நிறுத்தினார். விரலை நீட்டி, காகிதத்தைத் தொடாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். "மயிலு. மை. அவுரி. உன் சேல."

ஒரே காகிதம், ஒரே மனுஷன், ஒரு மூக்கின் இரண்டு பக்கம். ஒரு பக்கம் நான் அவரைத் தனியாக விட்டிருந்த ஒரு வருஷம். இன்னொரு பக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வருஷம். எனக்கு அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்தது.

"நல்லா இழுத்துருக்கான்" என்றார், முகம் தெரியாத அந்த இரண்டாமவரைப் பற்றி. பெட்டிக்காரர்கள் மீனை எடுத்துச் சுற்றினார்கள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "அடுத்த மாசம் அடுத்த கண்ணு" என்றேன்.

"இந்த ஒரு மாசம் அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்கு ஒரு வேல வெச்சிருக்கேன்."

என்ன வேலை என்று கேட்டேன். சொல்லவில்லை.

கடைக்குள் வந்ததும் தெரிந்தது. அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு காப்பியைக் கம்பியில் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷத்துக் கம்பியை உருவி எல்லாவற்றையும் வாசலோரமாக மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், பழைய கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணிலும் ஒன்றுபோலத் தெரிந்தது ஒரு பக்கம், புதுக் கண்ணில் மட்டும் நீலமோ வயலட்டோ தெரிந்தது இன்னொரு பக்கம் என்று இரண்டு குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"இது என்னுது. இது உன்னுது. இது உன்னுது. இது உன்னுது."

ஒன்று கூடத் தப்பவில்லை. கோயில் நோட்டீஸ் சிவப்பெல்லாம் அவர் பக்கம் போனது. வயலட்டும் நீலமும் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்தன. என் குவியல் ஏற ஏற நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டு வரும் என்று தெரியும், அதற்கு நாலு பதில் வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்தச் சடங்குப் பத்திரிகையை எடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார்.

"ஒழுங்காத்தேன் கலக்கிருக்க" என்றார்.

நாலு பதிலும் வீணாகிவிட்டது.